பானெட்டுக்காரரும் ஆபீசரும்

ஜவ்வாது மலையில் பானெட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தவர்களைவிட அவருடைய முதுகைப் பார்த்தவர்களே அதிகம். நான் காவலூருக்கு அறிவியல் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்த முதல் மாதத்தில் அவரை ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் தலையும் தோளும் காரின் பானெட்டுக்குள் இருக்க, மடித்துக் கட்டிய லுங்கியும் கிரீஸ் படிந்த பனியனும் மட்டும் வெளியே தெரியும். ஒருநாள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் வெகுநேரம் என்னிடம் மழையைப் பற்றிப் பேசினார். யாரென்றே புரியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து திரும்பி நடந்தார் பாருங்கள், அப்போதுதான் "அடடே, இவரா!" என்று அடையாளம் தெரிந்தது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருடைய ரேஷன் கார்டில் இருந்தது. ரேஷன் கடையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். பின்னால் நிற்கிறவர்தான் முதுகில் தட்டி, "பானெட்டுக்காரரே, உன்னியத்தான்" என்று ஞாபகப்படுத்தவேண்டும்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு காலத்தில் யாரோ ஒரு பெரிய அதிகாரி பின்சீட்டில் சாய்ந்துகொண்டு ஊர் ஊராகப் போய்வந்த வெள்ளைக் கார். அகலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அது வயதாகி ஏலத்துக்கு வந்த அன்று, சாமையும் புளியும் விளைவித்துக்கொண்டிருந்த நம்மவர் ஜீப் எடுப்பதற்காக அந்த ஏலத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தது இந்தக் காரோடு.

"மலைக்கு ஜீப்புதானே சரி?" என்று நான் கேட்டேன்.

"ஜீப்பு எல்லார்கிட்டயும் கீது சார். இது சும்மா நின்னாலும் கம்பீரமா நிக்கும்" என்றார்.

உண்மைதான். நிறைய நின்றது.

கூரையில் சிவப்பு விளக்கு இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. மழை பெய்தால் அதன் வழியே பின்சீட்டுக்காரர் மடியில் தண்ணீர் ஊற்றும். பானெட்டுக்காரர் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, சுற்றிலும் தார் பூசி அடைத்துவிட்டார். வெயிலில் அது பளபளவென்று மின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் இன்னமும் யாரோ பெரியவர் வருகிற மாதிரியே இருக்கும். ஒருமுறை மரத்தடியில் படுத்துக்கிடந்த ரோடு வேலைக்காரர்கள் டம்ளரைப் பார்த்துவிட்டு எழுந்து அவசர அவசரமாக ஜல்லி கொட்ட ஆரம்பித்தார்கள். மலையில் எல்லோருமே அந்தக் காரை 'ஆபீசர்' என்றுதான் சொல்வார்கள். "ஆபீசருக்கு ரெண்டு நாளா இருமலு" என்று யாராவது சொன்னால் கார்புரேட்டரில் அடைப்பு என்று அர்த்தம்.

சனிக்கிழமை தோறும் ஆபீசர் ஆலங்காயம் சந்தைக்குக் கீழே இறங்கும். நானும் வாணியம்பாடியில் இருக்கும் வீட்டுக்குப் போகவேண்டியவன் என்பதால் ஆலங்காயம் வரை அதில் தொற்றிக்கொள்வேன். டிக்கெட் கிடையாது, தள்ளவேண்டும், அவ்வளவுதான். யார் எவ்வளவு பலமாகத் தள்ளுவார்கள் என்பதை வைத்துத்தான் சீட்டே ஒதுக்கப்படும். நல்ல தேகம் உள்ளவர்கள் முன்சீட்டில், அடுத்தவர்கள் பின்சீட்டு ஜன்னல் ஓரத்தில். நான் பின்சீட்டு நடுவில், காலடியில் புளி மூட்டையோடு. என் உடம்பை ஒரே பார்வையில் எடைபோட்டு அவர் கொடுத்த இடம் அது.

ஆபீசருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கண்ட இடத்தில் நிற்காது. ஃபேன் பெல்ட் போவது ஒரு குறிப்பிட்ட புளியமரத்தடியில். இன்ஜினுக்குத் தீப்பொறி அனுப்பும் பாயிண்ட் கரிபிடித்து மக்கர் செய்வது அதற்கு அடுத்த பெரிய வளைவில். ரேடியேட்டரில் தண்ணீர் கொதிப்பது திரும்பி ஏறும்போது, ஓடைப் பாலத்தருகில். இது தெரிந்த பிறகு உதிரி பாகங்களை டிக்கியில் சுமப்பானேன் என்று பானெட்டுக்காரர் முடிவு கட்டினார். எது எங்கே கெடுமோ அதற்கான சாமானை அங்கே இருக்கிற வீட்டிலேயே கொடுத்து வைத்துவிட்டார். டிக்கியில் இன்னும் இரண்டு புளி மூட்டை ஏறியது.

புளியமரத்துக்கு எதிர் வீடு சின்னப்பொண்ணுடையது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். வீட்டுச் சுவரில் முறத்துக்குப் பக்கத்து ஆணியில் இரண்டு ஃபேன் பெல்ட்டுகள் தொங்கும். ஆபீசர் முனகுகிற சத்தம் கேட்டதுமே அடுப்பைத் தணித்துவிட்டு, ஒரு கையில் பெல்ட்டும் இன்னொரு கையில் ஸ்பேனருமாக வெளியே வருவார். நாங்கள் இறங்கிச் சோம்பல் முறிப்பதற்குள் பெல்ட் மாட்டியாகிவிடும். வளைவில் இருந்த கோவிந்தன் பாயிண்ட் நிபுணர். உப்புத்தாளால் தேய்த்து, தீப்பெட்டி அட்டையைச் சொருகி இடைவெளி பார்ப்பார். அந்தப் பாதையில் செல்போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமும் அந்த வளைவுதான் என்பதால், பாயிண்ட் போகாத வாரங்களில் பயணிகளுக்குத்தான் வருத்தம்.

போகப் போக இந்தப் பெயர்கள் ஊர்ப்பெயர்களாகவே ஆகிவிட்டன. பஸ் கண்டக்டர், "ஃபேன்பெல்ட்டு எல்லாம் எறங்கு! பாயிண்ட்டு யாருப்பா?" என்று கூவுவார். எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் விண்ணப்பத்தில் முகவரி என்ற இடத்தில் 'ஃபேன் பெல்ட், ஜவ்வாது மலை' என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியர் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அந்த முகவரிக்குப் பள்ளியிலிருந்து அனுப்பிய கடிதமும் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் பானெட்டுக்காரரின் பெரிய விசேஷம் இதெல்லாம் இல்லை. வண்டி நின்றால் அவர் சட்டென்று ஸ்பேனரை எடுக்கமாட்டார். பானெட்டைத் தூக்கி, கம்பு கொடுத்து நிறுத்திவிட்டு, அங்கே இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிடுவார். ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே பார்த்து, ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மலையில் ஊர்க்கூட்டம் நடக்கும்போது எல்லோரையும் பேசவிட்டுத்தானே தீர்ப்பு? அதே முறைதான் காருக்கும். ஆடு மேய்ப்பவர் வந்தாலும், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை வந்தாலும் விதிவிலக்கு இல்லை.

"எனக்கு இன்னா தெரியும்?" என்று யாராவது நழுவினால் விடமாட்டார்.

"தெரிஞ்சவன் சொல்றது எனக்கே தெரியும்பா. நீ சொல்லு."

புளியமரத்தடியில் முதல் தடவை என் முறை வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளெரி இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று போர்டில் நான்கு படம் போட்டு மதிப்பெண்ணோடு விளக்கக்கூடியவன் நான். ஆனால் பானெட்டுக்குள் பார்த்தால் அந்த நான்கு படத்தில் ஒன்றைக்கூட அங்கே காணோம். எல்லாமே கறுப்பாக இருந்தன. பத்துப் பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் பேசியவர்கள் காயில், பிளக், பம்பு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கென்று ஒரு சாமான்கூட மிச்சமில்லை.

"பெட்ரோல் இருக்கா?" என்றேன்.

பானெட்டுக்காரர் ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தார். குச்சி காய்ந்தபடி வந்தது.

"படிச்சவங்க படிச்சவங்கதான்!" என்றார் சின்னப்பொண்ணு. அந்த வாரத்திலிருந்து எனக்கு முன்சீட்டு. அதற்குப் பிறகு நான் சொன்ன எந்த வார்த்தையும் சரியாக இருந்ததில்லை, ஆனாலும் சீட்டு பறிபோகவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஆபீசரின் பதிவைப் புதுப்பிக்கவேண்டிய நாள் வந்தது. கீழே அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்டவேண்டும். அவர் சரி என்றால் ஆபீசர் இன்னும் சில வருஷம் மலையேறலாம். முடியாது என்றால் பழைய இரும்புக் கிடங்கில் உடைத்துப் போடவேண்டியதுதான். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பானெட்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஒருவேளை முடியாதுன்னு சொல்லிட்டா பஸ்ல வரலாம் அண்ணா. டயத்துக்குப் போயிடலாம்" என்று ஆறுதல் சொல்வதாக நினைத்து ஒரு நாள் வாயை விட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "பஸ்ஸு வழியில நின்னா, என்னிய எறங்கிப் பாக்க வுடுவானா சார்? குந்துன்னு சொல்லுவான். குந்திக்கினே போயி, குந்திக்கினே வரணும். அப்பால நான் யாரு?"

நாற்பது பேருக்கு நடுவில் முதுகு தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பானெட்டுக்காரரை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் ஆபீசரைப் புளியமரத்தடியில் நிறுத்தி ஆளாளுக்குத் துடைத்தார்கள். கோவிந்தன் பாயிண்ட்டைத் தேய்த்த தேய்ப்பில் அது நகை மாதிரி ஆகிவிட்டது. சின்னப்பொண்ணுக்கு மட்டும் திருப்தியில்லை. பெல்ட் புதிதாக இருந்ததால் அவருக்கு வேலையில்லை. எல்லோரும் துடைத்து முடித்துப் போய், பானெட்டுக்காரரும் இருட்டினதும் வண்டியை எடுக்க வருவதாகச் சொல்லிக் கிளம்பிய பிறகு, அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே ஒரே துரு, பாசி, கறை. பித்தளை அண்டா கறுத்தால் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். புதுப்புளி மூன்று கிலோவைக் கரைத்து வடிகட்டி உள்ளே ஊற்றி, சாயங்காலம் வரை ஊறவிட்டு, திறந்துவிட்டார். செக்கச் செவேலென்று தண்ணீர் கொட்டியது. ஆறேழு குடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பழையபடி நிரப்பி மூடிவிட்டார். மறுநாள் சொல்லி எல்லோரையும் அசத்தலாம் என்று அன்றைக்கு யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை பானெட்டுக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். நான் லீவு போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறினேன். காவலூரிலிருந்து புளியமரம் வருவதற்குள் பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது. இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டரில் ஒன்றல்ல, இரண்டல்ல, எண்ண முடியாத இடங்களில் ஊசி ஊசியாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது.

பானெட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். அப்போதும் முறையை விடவில்லை.

"வாங்க. ஆளுக்கு ஒரு வார்த்த சொல்லுங்க."

எங்களை வழியனுப்ப அங்கே வந்திருந்த கோவிந்தன் குனிந்து பார்த்து, "கல்லு பட்டிருக்கும் மாமா" என்றார். நான் பார்த்து, "வயசாயிடுச்சு" என்றேன். சின்னப்பொண்ணு குனியவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"புளி போட்டுக் கழுவிட்டேண்ணா" என்றார்.

இத்தனை வருஷமாக அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தத் துருவும் கறையும்தான் என்பது அறிவியல் வாத்தியாரான எனக்கே அப்போதுதான் உறைத்தது. பானெட்டுக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுத்தம் பண்ணது தப்பில்லம்மா. அழுக்குதான் அத்த இத்தினி நாளா புடிச்சிக்கினு இருந்திச்சி. அது உனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "நீ இன்னும் வார்த்த சொல்லல" என்றார்.

சின்னப்பொண்ணு மூக்கைச் சிந்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "புதுப் பான கசிஞ்சா இன்னா செய்வோம்? கேவுரு கஞ்சி காச்சி ஊத்துவோம். பானைக்கு நிக்கிறது இதுக்கு நிக்காதா?"

நின்றது. ஒரு படி கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றி இன்ஜினை ஓடவிட்டோம். சூட்டில் மாவு வெந்து ஒவ்வோர் ஓட்டையாக அடைந்துகொண்டே வந்தது. முழுசாக இல்லை, அலுவலகத்துக்குப் போய்ச் சேருகிற அளவுக்கு. சின்னப்பொண்ணு ஒரு குடம் தண்ணீரோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கோவிந்தனும் உப்புத்தாளோடு ஏறினார்.

அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் இளம் வயதுக்காரர், கையில் அட்டையும் பேனாவும். லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தார். ஓட்டிக் காட்டச் சொல்லி, "பிரேக் புடிங்க" என்றார். ஆபீசர் பொத்தென்று நின்றது. நிற்பதில் அது ஒரு நாளும் குறை வைத்ததில்லை. கடைசியாக பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"யாருய்யா இங்க கூழு காச்சறது?"

"வண்டிதான் சார்" என்றார் பானெட்டுக்காரர்.

புளிப்பும் கேழ்வரகும் கலந்த வாசனை அந்த வளாகம் முழுக்கப் பரவியது. பக்கத்தில் லைசென்சுக்கு வரிசையில் நின்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். இன்ஸ்பெக்டர் அட்டையில் எதையோ எழுதப் போனார். அந்தப் பேனா கீழே இறங்கினால் ஆபீசரின் கதை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. பானெட்டுக்காரர் கையைக் கூப்பினார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒருவாட்டி குனிஞ்சி பாருங்க சார். பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க ஊர்ல எல்லாருமே சொல்லுவாங்க."

இன்ஸ்பெக்டர் எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். கைகூப்பியபடி ஒருவர், குடத்தோடு ஒரு பெண்மணி, உப்புத்தாளோடு ஒருவர், ஒன்றும் இல்லாமல் ஒரு வாத்தியார். பேனாவைப் பையில் சொருகிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். எங்களுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

நிமிர்ந்து, "பாயிண்ட்டு யாரு வேல?" என்றார். கோவிந்தன் கையைத் தூக்கினார். "பெல்ட்டு?" சின்னப்பொண்ணு குடத்தை இறக்கி வைத்தார்.

"எல்லாம் சுத்தமா இருக்கு. ரேடியேட்டர மட்டும் மாத்திட்டு வெள்ளிக்கிழமை கொண்டாங்க. இந்தக் கூழோட என்னால கையெழுத்துப் போட முடியாது."

மறுநாள் பானெட்டுக்காரர் ரேடியேட்டர் தேடிப் போனார். எந்தக் கிடங்கைப் பற்றி இத்தனை நாள் பயந்தாரோ அங்கேதான் போகவேண்டியிருந்தது. கூடப் போன நான் வெளியே நின்றேன். ஒரு ரேடியேட்டரை நெஞ்சோடு அணைத்தபடி அவர் வெளியே வந்தார்.

"உள்ள நம்ம ஆபீசரு மாரியே ஒருத்தர் சார். பாதிதான் கீறாரு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. மாற்றிய ரேடியேட்டரோடு ஆபீசர் எங்கேயும் நிற்கவில்லை. புளியமரத்தடியில் சின்னப்பொண்ணு பெல்ட்டும் ஸ்பேனரும் குடமுமாகத் தயாராக நின்றார். வண்டி அவரைத் தாண்டிப் போயே போய்விட்டது. வளைவில் கோவிந்தன் கையில் உப்புத்தாள். அவரையும் தாண்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். இருவர் முகத்திலும் சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் அது பொய். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான்கு மணிக்கெல்லாம் மலையேற ஆரம்பித்துவிட்டோம். ஓடைப் பாலத்தில் தண்ணீர் கொதிக்கவில்லை. வழிநெடுக பானெட்டுக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

வளைவு நெருங்கியதும் பாட்டு நின்றது. வண்டியை ஓரம் கட்டி, சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். "பாயிண்ட்டுல எதுனா கரி இருந்தா மாரி கீது, பாருப்பா" என்றார் கோவிந்தனிடம். கோவிந்தன் பார்த்துவிட்டு, "லேசா கீது மாமா" என்று நாலு தேய்ப்புத் தேய்த்தார்.

புளியமரத்தடியிலும் அப்படியே. சின்னப்பொண்ணு வீட்டுக்குள்ளேயே இருந்தார். கூப்பிட்டும் வரவில்லை. பானெட்டைத் திறந்து கம்பு கொடுத்த சத்தம் கேட்ட பிறகுதான் எட்டிப் பார்த்தார்.

"காத்தால நிக்காம போனியே, இப்ப இன்னாத்துக்கு நின்ன?"

"பெல்ட்டு தளர்ந்தா மாரி சத்தம் வருதும்மா. நீ ஒரு வார்த்த சொல்லு."

சின்னப்பொண்ணு வந்து கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். இன்னொரு தரம் அழுத்தினார். "ஆமாண்ணா, கொஞ்சம் லூசுதான்" என்று ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டைத் தொட்டும் தொடாமலும் திருகினார். முகம் மலர்ந்துவிட்டது.

"சார், நீங்க ஒரு வார்த்த?" என்றார் பானெட்டுக்காரர்.

குனிந்து பார்த்தேன். ஐந்து வருஷம் அந்த பானெட்டுக்குள் பார்த்ததில் எனக்கும் பெல்ட் மட்டும் நன்றாகத் தெரியவந்திருந்தது. அது காலையிலும் இறுக்கமாக இருந்தது, இப்போதும் அப்படியே இருந்தது. நிமிர்ந்தபோது இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, லூசாத்தான் இருந்திருக்கு" என்றேன். என் வாத்தியார் வாழ்க்கையில் தெரிந்தே தப்பாகச் சொன்ன விடை அது ஒன்றுதான். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.